சவலைப் பிள்ளை தேறும் வழி

அங்கத்தினர் ஒருவருடைய இல்லத்துக்கு நாம் சென்றிருந்தபோது கண்ட காட்சி இது. குழித்தறியில் கணவர் நெய்துகொண்டிருந்தார். அருகில் மனைவி தார் சுற்றிக்கொண்டிருந்தார். தூளியில் நான்கு மாதக் கைக்குழந்தை உறங்கியது. அதற்கு மூத்தவனான ஒன்றரை வயதுப் பாலகன் சுவரோரம் பாயில் அமர்ந்திருந்தான். அவன் முகம் உப்பியும், பாதங்கள் பருத்தும் இருந்தன. மெலிந்து கிடந்த பிள்ளை இப்போதுதான் சற்றுப் பூரித்திருக்கிறான் என்று அண்டை வீட்டார் மகிழ்ந்து பேசினர். பாட்டியாருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "பூரித்த பிள்ளை சிரிக்காமலா இருக்கும்?" என்று அவர் கேட்டார்.

அவ்வேளையில் அங்கு வந்த அங்கன்வாடி ஊழியர், பிள்ளையின் இரு புறங்கால்களையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்திச் சிறிது நேரம் பொறுத்து எடுத்தார். அழுத்திய இடங்களில் குழி விழுந்து, நிரம்பாமல் நின்றது. அது கொழுப்பன்று, நீர்; வளர்ச்சியின் அடையாளமன்று, கொடிய சத்துக் குறைவின் அடையாளம். அன்றே பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர்.

அந்தப் பிள்ளை பிழைத்தான். இன்று தெருவில் ஓடியாடுகிறான். ஆயினும், நடுவில் ஒரு நாள் அவன் பெற்றோரே அவனைப் பாதி வைத்தியத்தில் வீட்டுக்குத் தூக்கிவர இருந்தனர். ஏன் அவ்வாறு நேரவிருந்தது, அதனைத் தடுத்தது எது என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

பெயரிலேயே காரணம்

மடியில் இருந்த பிள்ளைக்கு அடுத்தது பிறந்து, தாய்ப்பால் நின்று, அதற்கு ஈடான உணவும் கிடைக்காமல் வாடும் குழந்தையைச் 'சவலை' என்று நம் முன்னோர் அழைத்தனர். நோயின் பெயரிலேயே நோய்க்குக் காரணத்தையும் பொதிந்து வைத்த சொல் அது.

இதே அறிவைக் கடல் கடந்த நாட்டிலும் காண்கிறோம். ஆப்பிரிக்காவில் அந்நாளில் தங்கக் கடற்கரை என வழங்கிய இன்றைய கானா நாட்டில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் ஆங்கில அரசாங்க வைத்தியர் பணி புரிந்தார். பால் மறந்தபின் மக்காச்சோளக் கூழை மட்டுமே உண்டு வந்த குழந்தைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி மடிவதை அவர் கண்டு, 1933-ல் அதனை விவரித்து எழுதினார். புத்தகங்களில் அந்நோய்க்குச் சரியான பெயர் இருக்கவில்லை. அங்குள்ள 'கா' மொழி பேசும் பெண்களோ அதற்குக் 'குவாஷியோர்க்கர்' என்று எப்போதோ பெயரிட்டிருந்தனர். அடுத்த குழந்தை பிறந்ததும் முன்னதைப் பற்றும் நோய் என்பது அதன் கருத்து. 1935-ல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் அப்பெயரையே வில்லியம்ஸ் அம்மையார் உலகுக்கு அறிவித்தார். தாய்மார்களின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்ட வைத்தியராலேயே இந்நோய் விளங்கிற்று என்பது நினைவில் வைக்கத்தக்கது.

வற்றலும் வீக்கமும்

கொடிய சத்துக் குறைவு இரு வடிவங்களில் தோன்றும். ஒன்று, எலும்பும் தோலுமாய் வற்றிப் போதல். மற்றொன்று, மேலே கண்டவாறு நீர் கோத்து வீங்குதல். சேலத்தில் 1918-ல் பிறந்தவரும், குன்னூரிலும் பின்னர் ஹைதராபாத்திலும் இயங்கிய உணவாராய்ச்சிச் சாலையில் பல்லாண்டு உழைத்தவருமான டாக்டர் சி. கோபாலன், இந்நாட்டுக் குழந்தைகளிடையே இவ்விரண்டையும் நுணுகி ஆராய்ந்தார். ஏறக்குறைய ஒரே வகை உணவை உண்ணும் குழந்தைகளிலேயே சிலர் வற்றுவதையும் சிலர் வீங்குவதையும் அவர் எடுத்துக் காட்டினார். புரதம் மட்டும் குறைந்தது என்று எண்ணுவது தவறு, வயிறார உண்ணும் மொத்த உணவே போதவில்லை என்பது அவருடைய முடிபு.

இதனைக் கண்டறியப் பெரிய கருவிகள் வேண்டா. 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது மேற்கையின் நடுப்பகுதியை நாடாவால் அளப்பர். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கொடிய குறைவு. 11.5-க்கும் 12.5-க்கும் இடைப்பட்டால் நடுத்தரக் குறைவு. இரு பாதங்களிலும் வீக்கம் இருப்பின் கையளவு எதுவாயினும் அது கொடிய நிலையே. உயரத்துக்குரிய எடை இருக்கிறதா என்றும் பார்ப்பர்.

இது எங்கோ பஞ்சப் பிரதேசத்துச் செய்தி என்று எண்ணுதல் கூடாது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 5.5 பேர் உயரத்துக்கேற்ற எடையின்றிக் கொடுமையாக மெலிந்திருந்தனர். இந்தியா முழுவதற்கும் அத்தொகை நூற்றுக்கு 7.7 ஆகும்.

அவசரம் ஆபத்து

பட்டினியால் வாடிய பிள்ளைக்கு உடனே நெய்யும் முட்டையும் பருப்பும் வயிறு நிறைய ஊட்டிவிட வேண்டும் என்றே பெற்ற மனம் துடிக்கும். அன்பின் காரணமாகச் செய்யும் இச்செயல் முதல் சில நாட்களில் உயிருக்கே உலையாகிவிடும். 1945-ல் ஐரோப்பாவில் வதை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுள் பலர், வளமான உணவைத் திடீரென உண்டதனாலேயே மாண்டனர் என்பது வரலாறு.

காரணம் இதுவே. நெடுநாள் உணவு காணாத உடல், விளக்குத் திரியைத் தாழ்த்தி எண்ணெயை மிச்சப்படுத்துவது போலத் தன் வேலைகள் அனைத்தையும் தாழ்த்திக் கொள்கிறது. இருதயம் மெலிந்துவிடும். ஈரலும் குடலும் தளர்ந்துவிடும். உடற்கூடு தேவையான பொட்டாசியத்தை இழந்து, வேண்டாத உப்பைத் தேக்கிக்கொள்ளும். இந்நிலையில் பெருஞ்சோறு உள்ளே சென்றால், உப்புக்களின் நிலை தடுமாறி, மெலிந்த இருதயம் சுமை தாங்காமல் நின்றுவிடும். வாடிய நாற்றுக்கு உரத்தை அள்ளிக் கொட்டினால் பயிர் கருகும் என்பதை உழவர் அறிவர். முதலில் ஈரம், பிறகே உரம். பிள்ளைக்கும் அதுவே முறை.

ஆகையால் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறையில் சிகிச்சை இரு பகுதிகளாக நடைபெறுகிறது. முதற்பகுதியின் நோக்கம் எடையை ஏற்றுவதன்று, உயிரை நிலைப்படுத்துவதே. பால், சர்க்கரை, எண்ணெய் முதலியவற்றை அளந்து, தாதுக்களும் உயிர்ச்சத்துக்களும் சேர்த்து, 100 மில்லி லிட்டரில் 75 கலோரியும் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதமும் அமையுமாறு ஒரு பால் தயாரிப்பர். அது 'எப்-75' எனப்படும். மிதமான வீக்கமுள்ள 7 கிலோ எடைப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 910 மில்லி லிட்டர் சேரும். அதனை 2 மணிக்கு ஒரு முறையாக 12 வேளை பிரித்தால், வேளைக்குச் சுமார் 75 மில்லி லிட்டர், அதாவது அரை ஆழாக்குக்கும் குறைவு. "இவ்வளவுதானா?" என்று உறவினர் முகம் சுளிப்பது இயல்பு. ஆனால் அந்தச் சிறு அளவே அப்போது அமுதம்.

நள்ளிரவிலும் விடியற்காலையிலும்கூட ஒரு வேளை தவறலாகாது. வாடிய குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை விரைவில் தாழ்ந்துவிடும். உடம்பும் சில்லிட்டுப் போகும். தாயின் மார்போடு அணைத்து, தலைக்குக் குல்லாயிட்டு, போர்த்தி வைத்தல் இங்கு மருந்துக்கு நிகராகும். உள்ளே நோய்க்கிருமி இருந்தாலும் காய்ச்சலாக அதனைக் காட்டும் வலிமை அவ்வுடலுக்கு இராது. ஆதலால் காய்ச்சல் இல்லாவிடினும் கிருமிக்கு எதிரான மருந்து தருகின்றனர்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. வீக்கம் வடிய நீர் பிரிக்கும் மருந்து கொடுத்தல் தவறு. இரும்புச் சத்து மருந்தை முதல் நாட்களில் தருவதில்லை. பசி திரும்பி எடை ஏறத் தொடங்கிய பின்னரே அது நன்மை தரும். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று வைத்தியரை நெருக்குவதும் ஆகாது. அதிர்ச்சி நிலை போன்ற நெருக்கடியிலன்றி நரம்பு வழியாக நீர் ஏற்றுவது, மெலிந்த இருதயத்துக்குப் பெரும் பாரமாகிவிடும்.

எடை குறைந்த நாள்

நாம் கூறிவந்த பாலகனுக்கு வருவோம். சேர்த்த அன்று அவன் எடை 7 கிலோ. ஆறாம் நாள் நிறுத்தபோது 6 கிலோ 400 கிராமே இருந்தது. தந்தையார் திடுக்கிட்டார். இரவும் பகலும் கண்விழித்து ஊட்டியும் பிள்ளை 600 கிராம் இளைத்துவிட்டானே! கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது. வீட்டிலோ தறியில் பாவு பாதியில் நின்றது. தார் சுற்றித் தர ஆளில்லை. குறித்த நாளில் சேலையை ஒப்படைக்காவிட்டால் கூலி இல்லை. "இளைப்பதற்கு இங்கு எதற்கு? வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம்" என்று துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டனர்.

அங்கிருந்த தாதி மூட்டையைத் தடுக்கவில்லை. எடை அட்டையை எடுத்து வந்து தாயின் அருகில் அமர்ந்தார். "அம்மா, குறைந்தது பிள்ளையின் சதையல்ல, தேங்கிய நீர். காலை அழுத்திப் பாருங்கள்" என்றார். தாய் அழுத்தினார். குழி விழவில்லை. "இன்று காலை பால் கிண்ணத்தை அவனே இழுத்தானே, கவனித்தீர்களா?" என்று தாதி மேலும் கேட்டார். தாய் கவனித்திருந்தார்.

எடை குறைந்ததே குணத்தின் முதல் அடையாளம்! வீங்கிய குழந்தையின் வைத்தியத்தில் இதனை அறியாமையால் மனம் தளர்வோர் பலர். நீர் வடிந்து மெய்யான மெலிவு வெளிப்படும் அந்த நாளிலேதான் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் எழும். அந்த நாளிலேதான் அவ்வாறு செய்யவே கூடாது.

எடை அட்டை அறிவுக்கு விடை தந்தது, ஆனால் தறிக்கு விடை தரவில்லை. அதனைத் தந்தவர் எதிர்வீட்டு அங்கத்தினரின் மனைவியார். தம் வீட்டுத் தாரோடு இவ்வீட்டுத் தாரையும் தாமே சுற்றித் தருவதாக அவர் செய்தி அனுப்பினார். பாட்டியார் கைக்குழந்தையைத் தாயிடம் கொண்டுபோய்ப் பால் குடிக்கச் செய்து வந்தார். சங்கத்தாரும் சேலை ஒப்படைக்கும் நாளைத் தள்ளி வைத்தனர். மூட்டை அவிழ்க்கப்பட்டது.

சிரிப்பு திரும்பிற்று

பசி வந்து வீக்கம் வடிந்ததும் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. இப்போது தருவது 100 மில்லி லிட்டரில் 100 கலோரியும் ஏறத்தாழ 2.9 கிராம் புரதமும் உள்ள 'எப்-100' என்னும் பால், அல்லது அதற்கு நிகரான உணவு. மெல்ல மெல்ல அளவை உயர்த்தி, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 220 கலோரி வரை கொடுப்பர். ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 கிராமுக்கு மேல் கூடினால் முன்னேற்றம் நன்று என்பது கணக்கு. 6 கிலோ 400 கிராம் பிள்ளைக்கு அது நாளுக்கு 64 கிராம்.

உணவோடு விளையாட்டும் இச்சிகிச்சையின் ஒரு கூறு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பட்டினி உடலை மட்டும் வாட்டுவதில்லை, உள்ளத்தையும் முடக்கிவிடுகிறது. பேசிப் பாடி, கிலுகிலுப்பை ஆட்டி, மடியில் வைத்துக் கொஞ்சும்போதுதான் மூளை வளர்ச்சி மீள்கிறது.

பதினாறாம் நாள் பாலகனை நிறுத்தனர். 7 கிலோ! சேர்த்த அன்றிருந்த அதே எடைதான். ஆனால் அந்த 7 கிலோ நீரும் நோயும். இந்த 7 கிலோ சதையும் இரத்தமும். பார்க்க வந்த பாட்டியாரைக் கண்டு அவன் சிரித்தான். அச்சிரிப்பே சிறந்த நற்சான்று என்று வைத்தியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அடுப்பங்கரையே மருந்தகம்

மருத்துவமனையிலிருந்து திரும்புவதோடு காரியம் முடிவதில்லை. பழைய உணவுக்கே திரும்பினால் பழைய நோயும் திரும்பும். உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில் இதனை உணர்ந்தே 1965-ல் 'முவானமுகிமு' என்னும் நிலையத்தை அமைத்தனர். ஆரோக்கியமான பிள்ளை ஆரோக்கியமான தாயிடமிருந்தே வரும் என்னும் அந்நாட்டுப் பழமொழியிலிருந்து பிறந்தது அப்பெயர். பிள்ளையைக் குணமாக்கியது ஆஸ்பத்திரி மருந்து என்று தாய்மார்கள் எண்ணிவிடாதபடி, அவர்களே அங்குத் தங்கிச் சமைத்தனர். தம் ஊரில் விளையும் வாழைக்காயையும் அவரையையும் வேர்க்கடலையையும் கலந்து வேகவைத்து ஊட்டினர். தம் கையால் சமைத்த உணவிலேயே பிள்ளை தேறுவதைக் கண்ட தாய், ஊருக்குத் திரும்பியபின் பிறருக்கு ஆசிரியையானார்.

நம் நாட்டிலும் இதற்கு வழி உண்டு. ஹைதராபாத் தேசிய உணவு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'ஹைதராபாத் கலவை' யாவரும் செய்யக்கூடியது. வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், வறுத்த வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம் சேர்த்துப் பொடித்தால் 330 கலோரியும் 11 கிராமுக்கு மேற்பட்ட புரதமும் கிட்டும். இது தேறி வரும் பிள்ளைக்கும், நடுத்தர மெலிவுள்ள பிள்ளைக்கும் உரியது. கொடிய நிலையின் முதல் நாட்களுக்கு உரியதன்று. சிறுவயிறு ஒரே வேளையில் மிகுதியாகக் கொள்ளாது. ஆகவே நாளுக்கு 5 வேளை ஊட்டுதல் வேண்டும். குழைந்த சோற்றில் ஒரு கரண்டி எண்ணெயும் பருப்பும் சேர்த்தால் அளவு பெருகாமலே வலிமை பெருகும். இயன்றபோது முட்டை, கீரை, பழம் சேர்க்கலாம். தாய்ப்பால் இருப்பின் 2 வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

வேர்க்கடலை பயிரிடும் அங்கத்தினர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1990-களில் ஆந்திரே பிரியான் என்னும் பிரெஞ்சு வைத்தியரும் அவருடைய துணைவரும், 'எப்-100' பாலின் சத்துக்களை வேர்க்கடலை விழுதில் பொதிந்து புது உணவொன்றை ஆக்கினர். அதில் நீர் இல்லாமையால் கிருமி எளிதில் வளராது. சமைக்க வேண்டியதும் இல்லை. 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி உண்டு. மலாவி, எத்தியோப்பியா முதலிய நாடுகளில், நல்ல பசியும் வேறு சிக்கல் இல்லாமையும் உள்ள பிள்ளைகள் வைத்தியர் மேற்பார்வையில் வீட்டிலிருந்தே இதனை உண்டு தேறினர். 2007-ல் ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்கள் இம்முறையை ஏற்று அறிக்கை வெளியிட்டன.

ஆயின் இப்பெருமையோடு ஒரு பொறுப்பும் சேர்கிறது. ஈரத்தோடு குவித்த கடலையில் பூஞ்சைக் காளான் பற்றி 'அப்லடாக்சின்' என்னும் நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முற்றும் அகலாது. காயை நன்கு உலர்த்தி, சுருங்கியதையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி நீக்கியே சேமிக்க வேண்டும். கழித்துக்கட்டிய கடலையைப் பிள்ளைகளுக்கென்று வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அது உடனே ஒழியத்தக்கது.

சங்கம் செய்யத்தக்கது

பிள்ளை வளர்ப்பு வீட்டுக் காரியம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். நாம் கண்ட வீட்டில் அப்பாலகனைக் காத்தவை மூன்று. பாட்டியாரின் ஐயம் ஒன்று. தாதியாரின் பொறுமை ஒன்று. அண்டை வீட்டுத் தார் ஒன்று. மூன்றாவது இல்லாவிடில் முதலிரண்டும் வீணாகியிருக்கும். வைத்தியம் பெரும்பாலும் இலவசமே. பல இடங்களில் தங்கியிருக்கும் தாய்க்குக் கூலி ஈடாகச் சிறு தொகை தரும் ஏற்பாடும் இருக்கிறது. இருந்தும், பாதியில் நின்ற பாவும் அறுவடைக்குக் காத்த வயலுமே தாய்மார்களை வார்டிலிருந்து வீட்டுக்கு இழுக்கின்றன. தனி ஒரு குடும்பத்தால் தாங்க இயலாததைப் பலர் கூடித் தாங்குதல்தானே கூட்டுறவு?

ஆகவே சங்கங்களுக்கு நாம் கூற விரும்புவன சில. பிள்ளையோடு மருத்துவமனையில் தங்கும் குடும்பத்துக்குச் சரக்கு ஒப்படைக்கும் நாளை நீட்டித்துத் தருக. அவர்களுடைய தாரையும் களையெடுப்பையும் அண்டை அங்கத்தினர் முறை வைத்துப் பகிர்ந்து கொள்க. வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு வழி செய்க. கூலி பட்டுவாடாவாகும் நாளில் அங்கன்வாடி ஊழியரை அழைத்து, சிறு குழந்தைகளின் கையளவையும் எடையையும் பார்க்கச் செய்க.

எடை பார்த்தல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1980-ல் இங்குத் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாமல் தேங்கியவர்களைத் தேர்ந்து துணையுணவு அளித்தனர். முற்றும் வாடியபின் ஓடுவதைவிட, தேங்கிய மாதத்திலேயே கண்டுகொள்வது எளிது என்பதே அதன் உட்பொருள்.

அங்கத்தினர்களே, பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதனைத் தேடிப் பிணைத்த பிறகே மேலே நெய்கிறோம். அறுந்த இழையை அப்படியே விட்டு நெய்யும் நெசவாளரை நாம் கண்டதில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களில் எந்தக் குழந்தையேனும் சிரிக்க மறந்து சுவரோரம் அமர்ந்திருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பாருங்கள். இருந்தால் அதன் தாயை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அவள் விட்டுச் சென்ற வேலையை நாம் எடுத்துக்கொள்வோம்.